ஹாஸ்பிஸ் மோசடி: அமெரிக்காவில் பெற்றோரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கான கேள்வி பதில்கள்

நல்ல நினைவோடு நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பதிவேட்டில் மட்டும் மரணப் படுக்கையில் இருப்பதாக எழுதப்பட்டிருக்கும். அது அவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியா, டெக்சாஸ், அரிசோனா, நெவாடா மாநிலங்களில் இப்படி நடந்துகொண்டிருக்கிறது. இந்த மாநிலங்களில் நம் குடும்பங்களும் நிறைய. பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட அம்மா அப்பாக்களைப் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹாஸ்பிஸ் என்றால் சரியாக என்ன?

நோயைக் குணப்படுத்த முடியாது என்ற நிலை வந்தபின், வலியும் மூச்சுத்திணறலும் பயமும் இல்லாமல் மீதி நாட்களைக் கழிக்க உதவும் பராமரிப்பு. பெரும்பாலும் அவரவர் வீட்டிலேயே நடக்கும். நர்ஸ் வருவார், குளிப்பாட்ட உதவியாளர் வருவார், ஆஸ்பத்திரிக் கட்டில், ஆக்சிஜன், வலி மருந்து எல்லாம் வீடு தேடி வரும். குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லவும் ஆள் உண்டு. நோயாளி இறந்தபிறகு ஓராண்டு வரை துயர ஆலோசனையும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. 1983 முதல் மெடிகேர் இதற்குப் பணம் கொடுத்துவருகிறது. நோயாளி கொடுக்க வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. சில மருந்துகளுக்கு அதிகபட்சம் 5 டாலர் கேட்கலாம்.

இதற்கு மூன்று நிபந்தனைகள். மெடிகேரில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான ‘ஏ’ பிரிவு இருக்க வேண்டும். நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதம் அல்லது அதற்குள் உயிர் பிரியும் என்று நோயாளியின் டாக்டரும் ஹாஸ்பிஸ் டாக்டரும் சான்று தர வேண்டும். மூன்றாவதாக, அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையை விட்டுவிட்டு ஹாஸ்பிஸைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று நோயாளியோ, அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை உள்ளவரோ கையெழுத்துப் போட வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மோசடி முழுக்க அந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

வீட்டுக்கு நர்ஸ் வருகிறார் என்றால் அது ஹாஸ்பிஸ்தானா?

இல்லை. ‘ஹோம் ஹெல்த்’ என்று வேறொரு சேவை இருக்கிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நடைப் பயிற்சி கொடுக்க வருவார்களே, அது. அங்கே நோக்கம் குணமாவது. வயதானவர்களுக்கு இரண்டும் ‘வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க’ என்று ஒன்றாகவே கேட்கும். ஏமாற்றுபவர்கள் வேண்டுமென்றே ஹாஸ்பிஸ் என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘ஹோம் கேர்’, ‘கம்ஃபர்ட் கேர்’, ‘புது மெடிகேர் ஸ்கீம்’ என்று பேசுவார்கள்.

சாகும் தருவாயில் இருப்பவர்களை வைத்து யார் பணம் பண்ண முடியும்?

சாகும் தருவாயில் இல்லாதவர்களை வைத்துத்தான் அதிகம் பண்ணுகிறார்கள். மெடிகேர் பணம் கொடுக்கும் முறையே அதற்கு வழி விடுகிறது. ஆஸ்பத்திரியில் செய்த ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனி பில் போடுவது போல ஹாஸ்பிஸில் இல்லை. ஒருவர் பெயர் பதிவாகிவிட்டால் நாள் கணக்கில் தொகை வரும். சாதாரண வீட்டுப் பராமரிப்புக்கு முதல் 60 நாட்கள் தினமும் 200 டாலருக்கு மேல், பிறகு சற்றுக் குறைவு. அன்று நர்ஸ் வந்தாரா இல்லையா என்பது கணக்கில்லை. உண்மையில் இறந்துகொண்டிருப்பவருக்கு அடிக்கடி ஆள் போக வேண்டும், மருந்துச் செலவு ஏறும், சில வாரங்களில் பெயரும் நின்றுவிடும். திடமாக இருப்பவருக்கு ஒரு செலவும் இல்லை, மாதக்கணக்கில் பணம் வரும். அப்படி 30 பேரைச் சேர்த்தால் முதல் இரண்டு மாதத்திலேயே மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டிவிடும். 2022-இல் மெடிகேர் ஹாஸ்பிஸுக்குச் செலவிட்டது 2,300 கோடி டாலருக்கும் மேல்.

2022 மார்ச்சில் கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை இதை அம்பலப்படுத்தியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) 2010-க்குப் பிறகு ஹாஸ்பிஸ் நிறுவனங்களின் எண்ணிக்கை 1,500 சதவீதம் பெருகியிருந்தது. முதியோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தேசிய சராசரியைப் போல ஆறரை மடங்குக்கும் மேல். வான் நைஸ் பகுதியில் ஒரே கட்டட முகவரியில் 150-க்கும் மேற்பட்ட ஹாஸ்பிஸ், ஹோம் ஹெல்த் உரிமங்கள் இருந்தன. 2019 என்ற ஒரே ஆண்டில் அந்தக் கவுண்டியின் நிறுவனங்கள் மெடிகேரிடம் கூடுதலாக வாங்கியது 10 கோடியே 50 லட்சம் டாலர் இருக்கலாம் என்று அந்த அறிக்கை கணித்தது. 2022 முதல் அந்த மாநிலம் புதிய ஹாஸ்பிஸ் உரிமங்களை நிறுத்திவைத்தது. 2023-இல் மத்திய அரசு, நான் மேலே சொன்ன நான்கு மாநிலங்களிலும் புதிதாகத் தொடங்கும் ஹாஸ்பிஸ்களைக் கூடுதல் கண்காணிப்பில் வைத்தது.

டெக்சாஸில் மெரிடா குழுமம் என்ற நிறுவனத்தின் வழக்கு இன்னும் கொடுமை. அல்சைமர் போன்ற நீண்டகால நோய் உள்ள ஆயிரக்கணக்கானவர்களிடம் ‘உங்களுக்கு ஆறு மாதம்கூட இல்லை’ என்று பொய் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். சாவு நெருங்கிவிட்டது என்ற அந்தப் பொய்யை நம்ப வைக்கப் பாதிரியார்களையும் அனுப்பியிருக்கிறார்கள். 15 கோடி டாலர் மோசடி. அதன் உரிமையாளருக்கு 2020 டிசம்பரில் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு பெரியவரிடம் ‘நீங்கள் சாகப்போகிறீர்கள்’ என்று பொய் சொல்வதை வெறும் பில் மோசடி என்று என்னால் நினைக்க முடியவில்லை.

போவது அரசாங்கப் பணம்தானே? எங்களுக்கு என்ன நஷ்டம்?

நிறையப் பேர் இப்படித்தான் நினைத்து விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் பணத்தைவிடப் பெரியது.

ஒருவர் ஹாஸ்பிஸில் பதிவானதும், அவருக்கு என்ன மரண நோய் என்று எழுதியிருக்கிறதோ அந்த நோய்க்கான வழக்கமான சிகிச்சைக்கு மெடிகேர் பணம் கொடுக்காது. உதாரணமாக, அப்பாவுக்கு இதயத்தில் சின்னக் கோளாறு. மாத்திரையில் நன்றாக இருக்கிறார். மோசடிக்காரர்கள் அதையே ‘கடைசிக்கட்ட இதய நோய்’ என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். ‘இவர் ஹாஸ்பிஸ் நோயாளி’ என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது. பில் நிராகரிக்கப்படலாம். முன்பே தேதி குறித்திருந்த ஆபரேஷன் தள்ளிப்போகலாம். வலி மாத்திரைக்கு மருந்துக்கடையில் இன்சூரன்ஸ் ஏற்கவில்லை என்று திருப்பி அனுப்பலாம். நல்ல ஹாஸ்பிஸாக இருந்தால் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். போலி நிறுவனத்தின் எண்ணை அழைத்தால் எடுக்கவே ஆள் இருக்காது. சிகிச்சையும் கிடைக்காமல், ஹாஸ்பிஸும் கிடைக்காமல் பெரியவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

எப்படி அணுகுகிறார்கள்?

பெரியவர்கள் கூடும் இடங்களில் ஆரம்பிக்கும். சீனியர் சென்டர், அடல்ட் டே கேர், பூங்கா, சந்தை, சில சமயம் கோயில், சர்ச் வாசல். ஒரு மேஜை போட்டு இலவசமாக பிரஷர் பார்ப்பார்கள். ‘அங்கிள், மெடிகேர் கார்டைக் கொஞ்சம் காட்டுங்க, உங்களுக்கு என்னென்ன வரும்னு பார்த்துச் சொல்றேன்’ என்பார்கள். கார்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்வதற்குத்தான் அத்தனையும். வீட்டுக் கதவைத் தட்டுவதும் உண்டு, போனில் அழைப்பதும் உண்டு. மளிகைச் சாமான், டயபர், ஊட்டச்சத்து பானம், சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள், சில இடங்களில் மாதாமாதம் ரொக்கம்கூடத் தருவதாகச் சொல்வார்கள்.

நம் பெரியவர்களிடம் இது எளிதில் பலிக்கக் காரணம் உண்டு. பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து அக்கறையாக, அதுவும் தமிழிலோ தெலுங்கிலோ இந்தியிலோ பேசினால் கதவைத் திறந்து காபி போட்டுக் கொடுப்பதுதான் நம் வழக்கம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்ற குறுகுறுப்பு வேறு. ‘எல்லாம் இலவசம்’ என்றால் அம்மாவுக்குப் பிள்ளையின் பாரம் குறைகிறது என்றுதான் தோன்றும். ஆகவே விஷயம் தெரிந்ததும் அவர்களைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுவார்கள்.

ஒரு விதியைச் சொல்லி வையுங்கள்: மெடிகேர் தானாகப் போன் செய்து கார்டு எண்ணைக் கேட்காது, வீட்டுக்கு ஆள் அனுப்பி எதையும் விற்காது. ஹாஸ்பிஸ் தேவை என்ற பேச்சு, அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமிருந்து வர வேண்டும்.

என் பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். இது எங்களுக்கும் பொருந்துமா?

அவர்களுக்கு மெடிகேர் கிடையாது, எனவே இந்தக் குறிப்பிட்ட வலையில் விழ வாய்ப்பில்லை. 65 வயதாகி, கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்தவர்கள் மெடிகேரில் மாதச் சந்தா கட்டிச் சேரலாம். அவர்களும், குடியுரிமை பெற்றவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டியவர்கள். தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருந்தாலும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஹாஸ்பிஸுக்கான பணம் அப்போதும் அரசு நேரடியாக நடத்தும் மூல மெடிகேரிலிருந்தே போகிறது.

கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

அந்தப் படிவத்தில் குணப்படுத்தும் சிகிச்சையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற பொருள்பட வாசகம் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். எந்த நோய்க்காக ஹாஸ்பிஸ், எந்தத் தேதியிலிருந்து, எந்த டாக்டர் சான்று தருகிறார் என்று கேளுங்கள். வெற்றுத் தாளிலும், டேப்லெட் திரையில் ‘இங்கே ஒரு கையெழுத்து மட்டும்’ என்று காட்டுவதிலும் போட வேண்டாம். படிவத்தின் நகல் கையில் வராமல் யாரையும் வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்.

எந்த மருந்து, எந்தச் சிகிச்சை ஹாஸ்பிஸின் பொறுப்பில் வராது என்று எழுத்தில் தரும்படி கேட்கும் உரிமை 2020 அக்டோபர் முதல் நோயாளிக்கு இருக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள். நேர்மையான நிறுவனம் உடனே எடுத்துக் கொடுக்கும். மற்றவர்கள் தடுமாறுவார்கள்.

அப்புறம், மெடிகேர் இணையதளத்தில் ‘கேர் கம்பேர்’ என்ற பகுதியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். எத்தனை ஆண்டாக இருக்கிறது, மற்றக் குடும்பங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் வருவார்கள், எவ்வளவு நேரத்தில் என்று நேரடியாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலை நான் எந்த நட்சத்திர மதிப்பீட்டையும்விட அதிகம் நம்புவேன்.

அப்பா பெயரில் ஏற்கெனவே ஹாஸ்பிஸ் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெடிகேரிலிருந்து தபாலில் ஒரு சுருக்க அறிக்கை வரும். ‘இது பில் அல்ல’ என்று மேலே எழுதியிருப்பதால் பலர் பிரிக்காமலே குப்பையில் போடுகிறார்கள். தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். கேள்விப்படாத நிறுவனத்தின் பெயரோ, ஹாஸ்பிஸ் என்ற சொல்லோ இருந்தால் அதுதான் அடையாளம். இணையத்தில் அப்பாவின் மெடிகேர் கணக்கைத் திறந்தால் இன்னும் சீக்கிரம் தெரியும். வழக்கமான டாக்டரின் அலுவலகம் ‘உங்கள் பில் திரும்பிவிட்டது’ என்று சொன்னாலும், தெரியாத இடத்திலிருந்து கட்டிலோ மருந்துப் பெட்டியோ வந்து இறங்கினாலும் சந்தேகப்படுங்கள்.

சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

அன்றே மெடிகேரை 1-800-633-4227 என்ற எண்ணில் அழையுங்கள். சில அரசு விடுமுறை நாட்கள் தவிர, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், கட்டணமில்லை. அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும். ‘என் மகன் பேசட்டும்’ என்று அவர்கள் வாயால் சொன்னால்தான் உங்களிடம் விவரம் சொல்வார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். ஹாஸ்பிஸிலிருந்து வெளியே வருவதற்கு ‘ரத்து’ என்று ஒரு வழி உண்டு. நோயாளி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் தடுக்கவும் முடியாது. ஆனால் ரத்து என்பது அன்றைய தேதியிலிருந்துதான் செல்லும், பின்தேதியிட முடியாது. அதோடு, முன்பு சம்மதித்துச் சேர்ந்தார் என்றும் அதற்குப் பொருளாகிவிடும். அப்பா சம்மதிக்கவே இல்லை, அல்லது ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் அதை மெடிகேரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: ‘இது மோசடி, அவர் ஹாஸ்பிஸைத் தேர்ந்தெடுக்கவில்லை, பதிவைத் திருத்துங்கள்.’ அந்த நிறுவனம் ‘இந்த ரத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று அவசரப்படுத்தினால், முதலில் மெடிகேரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆனால் ஆபரேஷனோ கீமோவோ காத்திருக்கிறது என்றால் உடனே வெளியே வருவதுதான் முக்கியம். ரத்து செய்துவிட்டு, மோசடிப் புகாரையும் தனியாகத் தொடருங்கள்.

கூடவே, ‘சீனியர் மெடிகேர் பட்ரோல்’ என்ற அமைப்பை 1-877-808-2468 என்ற எண்ணில் அழையுங்கள். எல்லா மாநிலத்திலும் கிளை உண்டு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்து, யாருக்கு என்ன எழுத வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். இலவசம். சுகாதாரத் துறைத் தலைமை ஆய்வாளரின் புகார் எண் 1-800-447-8477. கார்டு எண் வெளியே போயிருந்தால் புது எண் தரும்படி மெடிகேரிடம் கேட்கலாம்.

பேசிய ஒவ்வொருவரின் பெயர், தேதி, நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதிவு திருத்தப்பட வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் டாக்டரிடம் போக வேண்டியிருந்தால், ‘மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம்’ என்று பில் போடும் பிரிவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் தாண்டியும் அம்மா ஹாஸ்பிஸில் இருக்கிறார். இது மோசடியா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். ஆறு மாதம் என்பது டாக்டரின் கணிப்பு, கெடு இல்லை. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸில் சேர்ந்து, 2024 டிசம்பரில் தன் நூறாவது வயதில் இறந்தார். சட்டப்படி முதலில் 90 நாள், மறுபடி 90 நாள், பிறகு 60 நாள் 60 நாளாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். ஒவ்வொரு முறையும் டாக்டர் சான்று தர வேண்டும். மூன்றாவது தவணையிலிருந்து டாக்டரோ தகுதி பெற்ற நர்ஸோ நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். அந்தச் சந்திப்பு உண்மையில் நடக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அம்மா எடை கூடி, தானாக நடந்து, சமையலறையில் நின்றுகொண்டிருந்தால், ஹாஸ்பிஸ் இன்னும் தேவையா என்று அவருடைய பழைய டாக்டரைக் கேட்பதில் தவறே இல்லை.

உண்மையிலேயே தேவைப்பட்டுத்தான் சேர்த்தோம். ஆனால் நர்ஸ் வருவதே இல்லை.

இதுவும் ஒரு திருட்டுதான், நோயாளிக்கு இதில் வலி அதிகம். முதலில் பராமரிப்புத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள், வாரத்தில் எத்தனை முறை யார் வர வேண்டும் என்று அதில் இருக்கும். வராத நாட்களைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு தவணைக் காலத்திலும் ஒரு முறை வேறு ஹாஸ்பிஸுக்கு மாற உரிமை உண்டு. வலியில் துடிப்பவரை வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். முதலில் மாறுங்கள், புகாரைப் பிறகு எழுதலாம்.

இதையெல்லாம் படித்தபின் ஹாஸ்பிஸே வேண்டாம் என்று தோன்றுகிறதே?

அப்படி ஒதுக்கிவிட்டால் என் எழுத்து தீமை செய்ததாகிவிடும். கடைசி வாரங்களை ஐசியூவில், குழாய்களுக்கு நடுவில், பிள்ளைகளை ஒரு மணி நேரம் மட்டும் பார்க்க அனுமதித்த நிலையில் கழித்த பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களில் பலருக்கு வீட்டில், சொந்தக் கட்டிலில், தெரிந்த குரல்களுக்கு நடுவில் வலியின்றிப் போக வழி இருந்தது. நேர்மையான ஹாஸ்பிஸ் நர்ஸ்கள் செய்வது அரிய வேலை.

நம் வீடுகளில் சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று தள்ளிப்போடுகிறோம். பெற்றோரின் விருப்பம் என்ன, அவர்களால் முடியாதபோது யார் கையெழுத்துப் போடலாம் என்பதை நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்தால், கதவைத் தட்டும் அந்நியருக்கு இடமே இருக்காது. ‘அப்பா, இந்த மாதிரிக் காகிதம் எதுவானாலும் நான் பார்த்தபிறகு போடுங்க’ என்று ஒரு சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடலாம். மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரத்தை எழுதி, குடும்ப டாக்டரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

அப்பா அந்த நிறுவனத்திடம் மளிகைச் சாமான் வாங்கிவிட்டார். புகார் செய்தால் அவருக்கே சிக்கல் வருமா? கிரீன் கார்டு போய்விடுமா?

இந்தப் பயத்தினால்தான் பல குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. மோசடியைப் புகார் செய்வது குற்றமில்லை. அதற்காக மெடிகேரை நிறுத்தவும் மாட்டார்கள். தலைமை ஆய்வாளரிடம் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். நோயாளியை இழுக்கப் பரிசு கொடுப்பது சட்டப்படி அந்த நிறுவனத்தின் மீறல். ஒரு பொருள் 15 டாலர், ஆண்டுக்கு மொத்தம் 75 டாலர் என்ற சிறிய அளவைத்தான் ‘பொருட்படுத்தத் தக்கதல்ல’ என்று விட்டுவைத்திருக்கிறார்கள். ஏமாந்து அரிசி மூட்டை வாங்கியவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் விஷயம் தெரிந்தே மாதாமாதம் ரொக்கம் வாங்கியிருந்தாலோ, மற்றவர்களைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கியிருந்தாலோ கதை வேறு. அப்படியானால் புகாருக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். பல கவுண்டிகளில் முதியோருக்கு இலவசச் சட்ட உதவி மையம் உண்டு. சீனியர் மெடிகேர் பட்ரோலிடம் கேட்டால் பக்கத்தில் எது இருக்கிறது என்று சொல்வார்கள்.